கிட்னி ஒரு ஃபில்டர்னா கசடு எங்க தங்குது? (அப்பா ரிப்போர்ட்ல அல்புமின் ++)

கரிசல்_மகள் (திங்கள், இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, சுகர் வந்து 12 வருஷம் ஆச்சு, பிரஷருக்கும் மாத்திரை போடுறாரு. போன வாரம் செக்கப் பண்ணினதுல யூரின்ல அல்புமின்ங்குற புரதம் ++ ன்னு வந்திருக்கு, ரத்தத்துல கிரியேட்டினின்ங்குற கழிவு 1.1. பாத்த டாக்டர் "கிட்னில லேசா லீக் ஆரம்பிச்சிருக்கும்மா, பயப்படாதீங்க, ஸ்பெஷலிஸ்ட்ட காட்டிருங்க" அப்படின்னாங்க, வெளிய நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க, அதுக்கு மேல கேக்க முடியல.

இப்ப வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சித்தி வந்து கிட்னில அழுக்கு சேந்திருச்சு க்ளீன் பண்ணணும்ங்குறாங்க, அம்மா தினமும் காலைல ஒரு கட்டு கொத்தமல்லித்தழைய கொதிக்க வெச்சு வடிகட்டிக் குடுக்குறாங்க, அப்பா பாவம் யாரோ சொன்னாங்கன்னு அஞ்சு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடக்குறாரு.

எனக்கு அடிப்படையே புரியல. காபி ஃபில்டர்ல தூள் மேல தங்கிரும், டிகாஷன் கீழ இறங்கும். கிட்னியும் ஃபில்டர்தான்னா அந்தத் தூள் எது, எங்க தங்குது? அதக் கழுவ முடியுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, அப்பாவுக்கு நான் திருப்பிச் சொல்லணும்.

நலம்_நாடி

சிஸ்டர் கொத்தமல்லி கஷாயம் ரொம்ப நல்லது, எங்க மாமனார் ஆறு மாசமா குடிக்கிறாரு யூரின் நல்லா போகுது. பார்லி தண்ணியும் சேத்துக் குடுங்க. கிட்னில தேங்குன நச்சு எல்லாம் வெளிய வந்துரும்.

ஷிஃப்ட்_முடிஞ்சாச்சு

தங்கச்சி, நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், பதினாலு வருஷமா இதே வேலை. இத்தன வருஷத்துல பேஷண்ட் வீட்டுக்காரங்க யாரும் "கசடு எங்க தங்குது"ன்னு எங்கிட்ட கேட்டதில்ல, கேட்டிருக்கணும், ஏன்னா அதுலதான் விஷயம் பூரா இருக்கு.

கசடு எங்கயும் தங்கல. காபி ஃபில்டர்ல வேண்டாதது மேல நிக்கும், வேண்டியது கீழ இறங்கும், இல்லியா? கிட்னில மேல நிக்கிறதுதான் நமக்கு வேண்டியது, ரத்த அணு, பெரிய பெரிய புரதம் இதெல்லாம். அதுவும் ஃபில்டர் மேல படிஞ்சு நிக்காது, வந்த ரத்தத்தோடயே அடுத்த குழாய்ல ஓடிரும். கீழ இறங்குதே அதுல வேண்டியது வேண்டாதது ரெண்டும் கலந்து இறங்கும். தண்ணி, உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா, கிரியேட்டினின், நேத்து போட்ட மாத்திரையோட மிச்சம், எல்லாம் ஒண்ணா.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என்ன பண்ணுவோம், எது வேணும் எது வேணாம்னு உள்ள நின்னு பாத்துட்டு இருக்க மாட்டோம், மொத்த சாமானையும் தூக்கி வாசல்ல வெச்சிருவோம். அப்பறம் வாசல்ல நின்னு, பித்தளை அண்டா உள்ள போகட்டும், அரிசி டின் உள்ள போகட்டும், அந்தக் கிழிஞ்ச பாய் கிடக்கட்டும் போகிக்கு ஆகும். கிட்னி செய்யிறது அதுதான், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ இல்ல, நாள் முழுக்க.

கணக்கச் சொல்றேன். ரெண்டு கிட்னியும் சேத்து எடை போட்டா 300 கிராம் வரும். இதயம் ஒரு நிமிஷத்துல தள்ளுற அஞ்சு லிட்டர் ரத்தத்துல ஒரு லிட்டருக்கு மேல இந்த 300 கிராமுக்கு மட்டும் போகுது. அதுல இருந்து நிமிஷத்துக்கு 125 மில்லி அளவுக்கு வடிஞ்சு குழாய்க்குள்ள இறங்குது. ஒரு நாளைக்குப் போட்டுப் பாருங்க, 180 லிட்டர். வீட்ல வாங்குற இருபது லிட்டர் தண்ணி கேன் இருக்குல்ல, அது ஒம்போது கேன். ஆனா நாம வெளிய விடுறது ஒண்ணு ஒன்றரை லிட்டர். மீதி அத்தனையும் உள்ள திரும்ப எடுத்தாச்சு. அதனாலதான் கிட்னிய வடிகட்டின்னு மட்டும் சொன்னா எனக்கு மனசு ஒப்ப மாட்டேங்குது, அதோட உழைப்பு பூரா திருப்பி எடுக்குறதுலதான் இருக்கு.

இந்த ஒம்போது கேன் ஓடுற எடத்துல அப்பா கூடுதலா ரெண்டு லிட்டர் குடிச்சா அது எதையும் கழுவாது, யூரின் வெளுப்பா போகும், தூக்கம் கெடும், அவ்வளவுதான். கல் இருக்குறவங்களுக்கு நிறைய குடிக்கச் சொல்றது வேற கணக்கு, அங்க யூரின் கெட்டியாகி உப்பு படிகமாகாம இருக்குறதுக்கு. அப்பாவுக்கு எவ்வளவுன்னு ஸ்பெஷலிஸ்ட்ட கேட்டு அதையே வெச்சுக்கோங்க, கால் வீக்கம், இதயக் கோளாறு இருந்தா தண்ணியக் கொறைக்கச் சொல்லக்கூட வாய்ப்பிருக்கு.

நலம்_நாடி சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாமனாருக்கு கிட்னி நல்லா இருந்தா கொத்தமல்லி ஒண்ணும் பண்ணாது. ஆனா கீரை தழை எல்லாத்துலயும் பொட்டாசியம் இருக்கு, கிட்னி பாதி செத்துப்போன ஆளுக்கு தினமும் ஒரு கட்டு வேகவெச்ச சாறு குடுத்தா பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பயே கெடுத்துரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்படி வந்தவங்கள நான் மெஷின்ல போட்டிருக்கேன்.

விலங்கியல்_டீச்சர்

ஷிஃப்ட் தம்பி சொன்ன வாசல் உதாரணத்த நாளைக்கே வகுப்புல சொல்லப் போறேன். எங்க பாடத்துல வடிகட்டுதல், மீள உறிஞ்சுதல், சுரத்தல்னு மூணு தலைப்பு வரும், பிள்ளைங்க மூணையும் மனப்பாடம் பண்ணிருவாங்க, ஆனா வெளிய போட்டதத் திரும்ப எடுக்குதுங்குற ஆச்சரியம் மனசுல பதியாது. அது எப்படி கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றேன், எனக்குப் பிடிச்ச கதை.

1842ல லண்டன்ல வில்லியம் பௌமான் மைக்ராஸ்கோப்ல பாத்து, அந்த ரத்தக் குழாய் முடிச்சு (கிளாமருலஸ்) ஒரு கிண்ணத்துக்குள்ள உக்காந்திருக்கு, அந்தக் கிண்ணம் ஒரு நீளக் குழாயோட வாய்ன்னு வரைஞ்சு காட்டினார். ஒவ்வொரு கிட்னிலயும் இப்படி பத்து லட்சம் ஒட்டி இருக்கு, ஒண்ணொண்ணும் ஒரு நெஃப்ரான். அதே காலத்துல ஜெர்மனில கார்ல் லுட்விக், ரத்த அழுத்தத்துல தண்ணி பிழிஞ்சு வருது, போற வழியில திரும்ப உறிஞ்சிக்கிதுன்னார். இல்ல இல்ல, வியர்வைச் சுரப்பி மாதிரி குழாயே யூரினை சுரக்குதுன்னு இன்னொரு கட்சி. எண்பது வருஷம் முடிவுக்கு வரல.

1924ல பிலடெல்ஃபியால ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸும் ஜோசப் வேர்னும் ஒரு தவளையை எடுத்தாங்க. தவளை கிட்னில கிளாமருலஸ மைக்ராஸ்கோப் அடியில உயிரோட இருக்கும்போதே பாக்கலாம். தலைமுடிய விட மெல்லிசான கண்ணாடிக் குழாய அந்தக் கிண்ணத்துக்குள்ள சொருகி உள்ள இருந்த துளி திரவத்த உறிஞ்சி எடுத்தாங்க. அதுல சர்க்கரை இருந்துச்சு. அதே தவளையோட மூத்திரப்பைல இருந்த யூரின்ல சர்க்கரை இல்ல. அப்ப சர்க்கரை வெளிய வந்து வழியிலயே திரும்ப உள்ள போயிருக்கு. வழக்கு முடிஞ்சது.

நமக்கும் அதே. ரத்தத்துல 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் சர்க்கரைன்னு வெச்சா 180 லிட்டர்ல 180 கிராம் தினமும் வாசலுக்கு வருது, முதல் வளைவுலயே (அண்மைச் சுருள் நுண்குழல்) கிட்டத்தட்ட ஒரு துளி விடாம உள்ள எடுத்துரும். அமினோ அமிலமும் அப்படித்தான். தண்ணி, உப்புல மூணுல ரெண்டு பங்கு அந்த எடத்துலயே திரும்பிரும். ஆனா தூக்குற ஆளுங்களுக்கு ஒரு எல்லை இருக்கே, ரத்தத்துல சர்க்கரை 100 மில்லிக்கு 180 மில்லிகிராம் ஒட்டித் தாண்டும்போது அத்தனையும் தூக்க முடியாம மிச்சம் யூரின்ல போயிரும். பாத்ரூம்ல எறும்பு மொய்க்குதுன்னு நம்ம பாட்டிமார் சுகர கண்டுபிடிச்சது இதனாலதான்.

பழைய_லேப்

டீச்சரம்மா சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. இப்ப டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு ரத்தத்துல சுகர் நல்லா கட்டுப்பாட்டுல இருந்தாலும் யூரின்ல சுகர் நாலு பிளஸ் வரும். அந்த மாத்திரை வேலையே சர்க்கரைய உள்ள தூக்குற அந்தக் கதவ அடைக்கிறதுதான். அதப் பாத்துட்டு மாத்திரைய நிறுத்திட்டு ஓடி வர்றவங்க இருக்காங்க, நிறுத்தாதீங்க.

மகளே, இப்ப உங்க அப்பா விஷயம். நான் லேப்ல சேந்த காலத்துல யூரின்ல முக்கிப் பாக்குற ஸ்ட்ரிப்பெல்லாம் எங்க ஆஸ்பத்திரில கிடையாது. டெஸ்ட் ட்யூப்ல முக்கால் வாசி யூரின் ஊத்தி, அடியப் புடிச்சுக்கிட்டு சாய்ச்சு, மேல் பக்கத்த மட்டும் ஸ்பிரிட் விளக்குல காட்டுவோம். கீழ தெளிவா மஞ்சளா இருக்கும், மேல கொதிக்கிற எடத்துல மட்டும் வெள்ளையா மேகம் மாதிரி திரளும். முட்டை வெள்ளைக்கரு சுடுதண்ணில விழுந்தா எப்படி வெளுக்குமோ அப்படி. உடனே எழுதிறக்கூடாது, அசிட்டிக் ஆசிட் ரெண்டு மூணு சொட்டு விடணும், கரைஞ்சு போனா அது பாஸ்பேட், பயமில்ல. கரையாம நின்னா அல்புமின். மேகம் எவ்வளவு கெட்டிங்கறத வெச்சு ஒரு பிளஸ் ரெண்டு பிளஸ். அந்த மேகம் வரக்கூடாதுன்னு பல பேருக்காக நான் மனசுக்குள்ள வேண்டியிருக்கேன்.

ஏன்னா அல்புமின் அந்த வாசலயே தாண்டக் கூடாத பொருள். மூணு அடுக்கு காவல் இருக்கு. உள் சுவர்ல சின்னச் சின்ன சன்னல், ரத்த அணு தாண்டாது. அடுத்து ஒரு சவ்வு, அதுல நெகட்டிவ் மின்னூட்டம் இருக்கு, அல்புமின்லயும் அதே நெகட்டிவ், அதனால ஒண்ணையொண்ணு தள்ளும். மூணாவது போடோசைட்டுன்னு ஒரு செல், ரெண்டு கை விரலயும் கோத்து வெச்ச மாதிரி குழாயச் சுத்தி கட்டிப் புடிச்சிருக்கும், விரலுக்கு நடுவுல இருக்குற இடுக்கு வழியாத்தான் தண்ணி வடியும். வருஷக்கணக்கா சுகரும் பிரஷரும் ஏறி நிக்கும்போது அந்த விரல்கள் அகண்டு, பிடி விட்டு, சில செல் கழண்டு யூரினோடயே போயிரும். போனது திரும்ப முளைக்கிறது ரொம்ப அபூர்வம். உங்க டாக்டர் லீக்னு சொன்னது இதத்தான். அழுக்கு சேந்ததில்ல மகளே, துணி நைஞ்சிருக்கு. நைஞ்ச துணிய கழுவுறதுனால என்ன ஆகும், மேல நையாம பாத்துக்கணும்.

கிரியேட்டினின் 1.1 ன்னா அப்பா வயசுக்கு வடிகட்டுற வேகம் நிமிஷத்துக்கு 75 மில்லி ஒட்டி வரும், அது மோசமில்ல. ஆனா கிரியேட்டினின மட்டும் நம்பிராதீங்க, கிட்னி பாதி வேலை கெட்ட பிறகுதான் பல பேருக்கு அது ஏறவே ஆரம்பிக்கும், அதோட அது தசையில இருந்து வர்ற பொருள், ஒல்லியான வயசானவங்களுக்கு கிட்னி கெட்டும் அது நார்மலாவே காட்டும். யூரின்ல அல்புமின்-கிரியேட்டினின் விகிதம்னு கேட்டு எடுங்க. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா நல்லது, 30ல இருந்து 300 கவனிக்கணும், அதுக்கு மேல போனா இன்னும் இறுக்கிப் பிடிக்கணும். காலைல எந்திரிச்சதும் போற முதல் யூரின், ஆரம்பத்த விட்டுட்டு நடுவுல புடிக்கணும். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது, நல்லா ஓடியாடி உழைச்ச மறுநாள் குடுக்காதீங்க, சும்மாவே ஏறிக் காட்டும்.

ப்ளஸ்_ஒன்_பையன்

டீச்சர் ஒரு டவுட். நெஃப்ரான் குழாய் நடுவுல வர்ற ஹென்லே வளைவு எதுக்கு கீழ போயி மறுபடி மேல வருது? நேரா போனா ஆகாதா? எங்க மிஸ் எதிரோட்டம்னு சொன்னாங்க எனக்கு சுத்தமா புரியல மார்க்குக்காக எழுதி வெச்சேன்

விலங்கியல்_டீச்சர்

நல்ல கேள்வி தம்பி. உங்க வீட்ல உப்பு மாங்காய் போடுவாங்களா? மாங்காயக் கீறி கல் உப்பு போட்டு ஜாடில வெச்சா மறுநாள் பாரு, ஒரு சொட்டு தண்ணி ஊத்தாமலே தண்ணி விட்டு நிக்கும். உப்பு இருக்குற பக்கம் தண்ணி இழுத்துட்டுப் போகும், கிட்னிக்குத் தெரிஞ்ச ஒரே வித்தையும் அதுதான். தண்ணிய நேரடியா பம்ப் பண்ணத் தெரிஞ்ச செல் உடம்புல கிடையாது. அதனால தண்ணி வேணும்னா வெளியில உப்ப சேத்து வெச்சு இழுக்கணும்.

அந்த உப்பு ஜாடிதான் கிட்னியோட உள்பகுதி. வளைவுல மேல ஏறுற கை உப்ப வெளிய பம்ப் பண்ணும், ஆனா தண்ணிய விடாது. கீழ இறங்குற கை தண்ணிய விடும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல எதிரெதிரா ஓடுறதால ஏறுற கை தள்ளின உப்பு இறங்குற கையில வர்றத இன்னும் கெட்டியாக்குது, அந்தக் கெட்டியானது சுத்தி ஏறும்போது இன்னும் உப்பு தள்ளக் கிடைக்குது, இப்படி சுத்திச் சுத்தி அடியில ரத்தத்த விட நாலு மடங்கு கெட்டியாயிருது. நேரா போயிருந்தா இந்த அடுக்கு உருவாகவே முடியாது. ரத்தத்தோட கெட்டித்தன அளவு 290ன்னா அங்க 1200 வரைக்கும். யூரியாவுலயும் கிட்டத்தட்ட பாதி திரும்பி உள்ள வந்துரும், அதுல ஒரு பங்கு இந்த ஜாடிக்குள்ளயே நின்னு தண்ணி இழுக்க உதவி பண்ணும், கழிவுன்னு பேரு வாங்கினதும் வேலை செய்யுது பாரு.

கடைசில இந்தக் குழாயெல்லாம் வந்து சேர்ற சேகரிப்பு நாளம் அந்த உப்பு ஜாடிக்குள்ள புகுந்துதான் வெளிய போயாகணும். தண்ணி பத்தலன்னா மூளையில இருந்து ஏடிஎச் ஹார்மோன் வந்து அந்த நாளத்துச் சுவர்ல சின்னச் சின்ன தண்ணிக் கதவுகளத் திறக்கும், தண்ணி உப்பு பக்கம் போயிரும், யூரின் கெட்டியா மஞ்சளா வரும். தண்ணி அதிகமா இருந்தா கதவு மூடிரும். அந்தக் கதவோட பேரு அக்குவாபோரின், அதக் கண்டுபிடிச்ச பீட்டர் ஏக்ருக்கு 2003ல வேதியியல் நோபல் குடுத்தாங்க. குடிச்சவங்க அடிக்கடி யூரின் போயி காலைல தலைவலியோட எந்திரிக்கிறதுல, சாராயம் அந்த ஹார்மோன அடக்கிடுறதுக்கும் பங்கு இருக்கு.

இன்னொண்ணு, கடல் தண்ணி ஏன் குடிக்க முடியாது? நம்ம ஜாடியால எவ்வளவு கெட்டியாக்க முடியுமோ அதோட எல்லைல கடல் நிக்குது. ஒரு லிட்டர் கடல் தண்ணி குடிச்சா அதுல இருக்குற உப்ப வெளிய தள்ள ஒரு லிட்டருக்கு மேல யூரின் போகணும், உடம்புல இருக்குற தண்ணியும் சேந்து போயிரும்.

வவுனியா_வாசி

வணக்கம், நான் வவுனியாவில இருந்து எழுதிறன். உங்கட கதைகளை வாசிச்சுக் கொண்டு வரேக்க எங்கட பக்கத்துப் பிரச்சினை ஒண்டு ஞாபகம் வந்தது. மதவாச்சி, பதவியா, அங்கால பொலன்னறுவை எண்டு வட மத்திய மாகாணத்தில 1990களில இருந்து கமக்காரருக்கு ஒரு சிறுநீரக வருத்தம் வருது. சலரோகமும் (சுகர்) இல்லை, பிரஷரும் இல்லை, வயலில நிண்டு வேலை செய்யிற திடகாத்திரமான ஆக்கள். கிணத்துத் தண்ணியெண்டு சொல்லினம், பசளை மருந்து எண்டு சொல்லினம், வெயிலில தண்ணியில்லாமல் நிக்கிறது எண்டும் சொல்லினம், இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்லை. எல் சல்வடோர், நிக்கராகுவா பக்கம் கரும்பு வெட்டிற ஆக்களுக்கும் இதே மாதிரி இருக்காம்.

நான் சொல்ல வந்தது என்னெண்டால், இதில வடிகட்டிற இடம் முதல்ல பழுதாகிறேல்லை, அந்தக் குழாய்களும் அதைச் சுத்தி இருக்கிற சதையும்தான் பழுதாகுது. அதால சலத்தில (யூரினில) அல்புமின் கனக்க வராது. சோதிச்சுப் போட்டு ஒண்டும் இல்லை எண்டு அனுப்பிப்போடுவினம், பிறகு கால் வீங்கி வரேக்க காலம் கடந்திடும். எங்கட பெரியப்பாவை அப்பிடித்தான் இழந்தனாங்கள். ஆனபடியால் தங்கச்சி, சலத்தில அல்புமின், ரத்தத்தில கிரியேட்டினின் எண்டு ரெண்டு சோதனையும் சேத்துச் செய்யுங்கோ, ஒண்டை மட்டும் வைச்சு நிம்மதியாகாதேங்கோ.

ஷிஃப்ட்_முடிஞ்சாச்சு

வவுனியா அண்ணா, பெரியப்பாவ நெனச்சா கஷ்டமா இருக்கு. நீங்க சொன்னது எவ்வளவு முக்கியம்னு எங்க வார்டுல தினமும் தெரியும். எங்க மெஷின்ல இல்லாததும் அந்தக் குழாய்தான்.

டயலைசர்னு ஒரு உருளை, ஒரு முழம் நீளம்கூட இருக்காது, உள்ள முடி மாதிரி ஆயிரக்கணக்குல நார்க்குழாய். உள்ள ரத்தம் நிமிஷத்துக்கு 300 மில்லி ஓடும், வெளிப்பக்கம் எதிர்த்திசைல மருந்துத் தண்ணி 500 மில்லி ஓடும். நாலு மணி நேரத்துல ஒரு ஆளுக்கு 120 லிட்டர் தண்ணி செலவாகும். இது வடிகட்டத்தான் செய்யும், வேணும்ங்கிறத பாத்து எடுத்து உள்ள வெக்க அதுக்குத் தெரியாது. அதனால நாங்கதான் அந்தத் தண்ணில சோடியம் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு, பைகார்பனேட் இவ்வளவுன்னு ரத்தத்துல இருக்க வேண்டிய அளவ ஒட்டிக் கலந்து விடுறோம், அப்பதான் ரத்தத்துல இருந்து வேண்டியது ஓடிப் போகாது. குழாய் தானா செய்யிற வேலைய நாங்க கேன்ல அளந்து செய்யிறோம். 1943ல நெதர்லாந்துல வில்லெம் கோல்ஃப் முதல் மெஷின் செஞ்சப்போ சாசேஜ் அடைக்கிற செல்லோஃபேன் குழாய மரச்சட்டம் போட்ட உருளைல சுத்தி, தொட்டில சுழல விட்டார். போர் நடக்குற நேரம், கையில கிடைச்சத வெச்சு செஞ்சது. உருவம் மாறிருச்சு, அடிப்படை இன்னைக்கும் அதே.

வாரத்துக்கு மூணு தடவ, நாலு நாலு மணி நேரம், மொத்தம் 12 மணி நேரம். கிட்னிக்கு வாரத்துல 168 மணி நேரமும் டியூட்டி. அந்த வித்தியாசத்த பேஷண்ட்டோட மொகத்துலயே பாக்கலாம்.

மஞ்சப்பை

அண்ணா ஒரு கேள்வி, எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, தினமும் கடைல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுறாங்க, சுகரும் இருக்கு. வலி மாத்திரை கிட்னிய கெடுக்கும்ங்குறாங்களே, எப்படி? அது வயித்துக்குத்தானே போகுது

ஷிஃப்ட்_முடிஞ்சாச்சு

நிறுத்தச் சொல்லுங்க தம்பி, இன்னைக்கே டாக்டர்ட்ட கேட்டு வேற வழி பாருங்க. சொல்றேன். அந்த ரத்தக் குழாய் முடிச்சுக்கு உள்ள வர ஒரு குழாய், வெளிய போக ஒரு குழாய். ரெண்டும் சின்ன தமனி, ரெண்டையும் கிட்னி இறுக்கவும் முடியும் தளர்த்தவும் முடியும். உள்ள வர்றத தளர்த்தி வெளிய போறத இறுக்கினா நடுவுல அழுத்தம் ஏறும், நல்லா வடியும். தோட்டத்துக்குத் தண்ணி விடும்போது ஹோஸ் வாய விரலால அழுத்துற மாதிரி. இந்த அழுத்தத்த விடாம காத்துக்கிறதாலதான் பிரஷர் மேல கீழ போனாலும் வடியிறது சீரா நடக்குது.

உள்ள வர்ற குழாய தளர்த்தி வெக்க புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் வேணும். வலி மாத்திரை அதத்தான் நிறுத்துது, வலி கொறையிறதும் அதனாலதான், கிட்னிக்கு ரத்தம் கொறையிறதும் அதனாலதான். நல்ல ஆரோக்கியமா இருக்குற ஆளுக்கு ரெண்டு நாள் தாங்கும். சுகர், வயசு, வாந்தி பேதியில தண்ணி வத்திப் போயிருக்குற நேரம், பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, இதோட சேந்து வலி மாத்திரையும்னா ஒரே வாரத்துலகூட கிட்னி படுத்துர வாய்ப்பிருக்கு.

கரிசல்_மகள் அப்பாவுக்கு ஒருவேள ராமிப்ரில், டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை எழுதுவாங்க. அது வெளிய போற குழாய தளர்த்தி உள் அழுத்தத்தக் கொறைக்கும், நைஞ்ச துணி மேல பாரம் கொறையும், அல்புமின் லீக் கொறையும். ஆரம்பிச்ச உடனே கிரியேட்டினின் லேசா ஏறும், பயந்து தானா நிறுத்தக் கூடாது, ஒண்ணு ரெண்டு வாரத்துல பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாக்கச் சொல்லுவாங்க, அதத் தவற விடாதீங்க. லேப் ஐயா சொன்ன டாபாகிளிஃப்ளோசினும் உள்ள வர்ற பக்கத்தக் கொஞ்சம் இறுக்கி இதே பாரத்தக் கொறைக்குது, சுகருக்குன்னு வந்த மாத்திரை கிட்னிய காப்பாத்துதுன்னு 2020 வாக்குல நல்லா நிரூபணம் ஆச்சு.

கரிசல்_மகள் (ஞாயிறு, மாலை 6.40)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லேப் ஐயா சொன்ன மாதிரி காலை முதல் யூரின் குடுத்தோம், விகிதம் 212. ஸ்பெஷலிஸ்ட்டப் பாத்தோம், நான் கேள்வியெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போனதால பதினஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுப் பேசினாங்க. டெல்மிசார்டன் மாத்தி எழுதிருக்காங்க, ரெண்டு வாரத்துல பொட்டாசியம். தண்ணி தாகத்துக்கு ஏத்த மாதிரி, ரெண்டு லிட்டர் ஒட்டிப் போதும்னாங்க. கொத்தமல்லிய சட்னில போடுங்க, கஷாயம் வேண்டாம்னாங்க.

அப்பாட்ட உப்பு கொறைக்கணும்னு சொன்னா கேக்க மாட்டேங்குறாரு, "நான் என்ன மூட்டையா சாப்புடுறேன்" ங்குறாரு. டீச்சர், உங்க சர்க்கரைக் கணக்கு மாதிரி உப்புக்கும் போட்டுப் பாத்தேன். லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம், 180 லிட்டர், உப்பா மாத்தினா 1474 கிராம். சரியான்னு தெரியாம மூணு தடவ போட்டேன். அப்பறம் தராசுல ஒன்றரை கிலோ கல் உப்ப அளந்து பெரிய தாம்பாளத்துல கொட்டி அப்பா முன்னாடி வெச்சேன். இவ்வளவும் உங்க கிட்னி ஒரு நாள்ல வெளிய எடுத்து வெச்சு மறுபடி உள்ள தூக்கி வெக்குதுப்பா, ராத்திரி பகல் நிக்காம, அப்படின்னேன். அவரு அதுல கை வெச்சு அளைஞ்சு பாத்துட்டு "இதுல எவ்வளவு வெளிய போகும்"னு கேட்டாரு. நீங்க எவ்வளவு தின்னீங்களோ அவ்வளவுதான், ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன், அத மட்டும் பிரிச்சு எடுக்கத்தான் இத்தன பாடுன்னு சொல்லி ரெண்டு ஸ்பூன் எடுத்து ஓரமா வெச்சேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அன்னைக்கு ராத்திரி கஞ்சிக்கு ஊறுகாய் கேக்கல.

விலங்கியல்_டீச்சர்

கணக்கு சரிதான்மா. கிட்னி எடை உடம்புல இருநூத்துல ஒரு பங்கு, ஆனா நாம மூச்சு விட்டு எடுக்குற ஆக்சிஜன்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் அது எடுத்துக்கும், அதுல பெரும்பங்கு அந்த தாம்பாளத்து உப்ப உள்ள தூக்குறதுக்குத்தான். வகுப்புல உப்ப கொட்டிக் காட்ட உங்க அனுமதி வேணும்.

கரிசல்_மகள்

தாராளமா டீச்சர். இன்னொரு சந்தேகம், கடைல சோடியம் கொறைச்ச உப்புன்னு ஒரு பாக்கெட் விக்கிது, அம்மா அத வாங்கலாமாங்குறாங்க. வாங்கவா?

ஷிஃப்ட்_முடிஞ்சாச்சு

வேண்டாம். அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பாங்க, அப்பா இப்ப போடுற மாத்திரையும் பொட்டாசியத்த ஏத்துற ஜாதி. சாதா உப்பையே கொறைச்சுப் போடச் சொல்லுங்க, இந்துப்பும் சோடியம்தான், அதுக்கு மாத்தியும் பிரயோஜனமில்ல. அப்பளம், கருவாடு, ஊறுகாய், கடை மிக்சர் இதயெல்லாம் கொறைச்சாலே நல்லாக் கொறைஞ்சிரும்.

பழைய_லேப்

விகிதத்த மூணு மாசத்துல மறுபடி எடுங்க மகளே, ஒரு தடவ பாத்ததோட முடிவு கட்டக் கூடாது. அதே லேப்ல, அதே காலை முதல் யூரின். டப்பால தேதியும் நேரமும் எழுதுங்க, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்திருங்க. நம்பர் வந்ததும் இங்க போடுங்க, நான் பாத்துக்கிட்டு இருப்பேன்.